அல்சேஷனா, ராட்வீலரா என்று கேட்பவர்களுக்கு

போன வாரம் ஒரு ராட்வீலர் நாயை வண்டியின் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். 14 மாத ஆண், 46 கிலோ. கூட மூன்று ஆண்கள் வந்திருந்தும் கதவைத் திறக்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. லீவுக்கு வந்த தங்கை மகனின் முன்கையைக் கடித்துவிட்டதாம். "ஊசி போட்டு முடிச்சிடுங்க டாக்டர்" என்றார் வீட்டுக்காரர்.

பையனுக்கு வெறிநாய்க்கடி ஊசி போட்டாயிற்றா என்று கேட்டேன். "நம்ம நாய்தானே, அதுக்குத்தான் போட்டிருக்கே." எப்போது? குட்டியாக இருந்தபோது! வளர்த்த நாயோ தெரு நாயோ, பல் பட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம்.

இந்த வருடம் இப்படி வந்த நான்காவது நாய் இது. நான்கு வீட்டிலும் ஒரே வசனம்: "காவலுக்கு வாங்கினது டாக்டர், அதனால யார்கூடவும் பழக விடலை."

இதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குட்டியின் மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய 14ஆவது வாரம் வரை அது எதைப் பார்க்கிறதோ, கேட்கிறதோ, அதெல்லாம் ஆயுசுக்கும் அதற்குச் சாதாரணம். அப்போது பார்க்காதது பின்னால் பயம். ஹெல்மெட் போட்ட ஆள், குடை பிடித்த பாட்டி, கத்திக்கொண்டு ஓடும் குழந்தை, குக்கர் விசில், எல்லாமே இதில் அடக்கம். நீங்களோ அந்த வாரங்களில்தான் அதை மாடிப்படிக்கு அடியில் கட்டிப்போடுகிறீர்கள். யாரையுமே பார்க்காமல் வளர்ந்த நாய்க்குத் திருடனும் ஒன்றுதான், தங்கை மகனும் ஒன்றுதான். இருவருமே புது ஆள். வழக்கமான மனிதர்கள் எப்படி வருவார்கள், போவார்கள் என்று தெரிந்த நாய்தான் வழக்கத்துக்கு மாறாக ஒருவன் சுவரேறினால் கண்டுபிடிக்கும். பயத்தில் கடிப்பதைக் காவல் என்று நினைத்து, முதல்முறை உறுமியபோது தட்டிக்கொடுத்தும் இருப்பீர்கள். பச்சைக் கறி போட்டால் வீரம் வரும் என்று சொல்பவர்களும் உண்டு. வயிற்றுப்போக்குதான் வரும்.

தடுப்பூசி முடியாமல் எப்படி வெளியே கொண்டுபோவது என்பீர்கள். தரையில் விடாதீர்கள், பிற நாய்களிடம் விடாதீர்கள். தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனையில் பத்து நிமிடம் நில்லுங்கள். வீட்டுக்கு நாலு பேர் வரட்டும். அவ்வளவுதான். ராட்வீலர் குட்டிகளைப் பார்வோ என்ற வைரஸ் நோய் மற்ற குட்டிகளை விட மோசமாகத் தாக்கும். 16 வாரம் வரை ஊசி அட்டவணையில் ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள்.

சரி, இரண்டில் எது? முதலில், அல்சேஷனும் ஜெர்மன் ஷெப்பர்டும் ஒன்றேதான். முதல் உலகப் போரை ஒட்டி ஜெர்மனியின் பெயரைச் சொல்லப் பிடிக்காமல் பிரிட்டன்காரர்கள் வைத்த பெயர் அது. இரண்டு நாயும் ஜெர்மனியில் வேலைக்காக வளர்ந்தவைதான். ஷெப்பர்ட் ஆட்டுமந்தையை மேய்த்தது. ராட்வீலர் மாட்டை ஓட்டியது, கசாப்புக்காரர்களின் வண்டியை இழுத்தது. சும்மா உட்கார்ந்திருக்கச் சொன்னால் இரண்டுமே தானாக ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும், உங்கள் சோபாவிலிருந்து தொடங்கி.

ஆண் ஷெப்பர்ட் 30 முதல் 40 கிலோ. ஆண் ராட்வீலர் 50 கிலோவைத் தொடும். காலையில் சங்கிலியைப் பிடிக்கப்போவது யார்? வாங்கும் அண்ணனா, அவர் வேலைக்குப் போனபின் வீட்டில் இருக்கும் அம்மாவா? அம்மா என்றால் ராட்வீலர் பேச்சை விட்டுவிடுங்கள். பெரிய நாயை முன்பு வளர்த்த அனுபவம் இல்லாதவருக்கும் அது வேண்டாம். நல்ல கையில் வளர்ந்த ராட்வீலர் தங்கம், மறுக்கவில்லை. ஆனால் அது தவறு செய்தால் திருத்திக்கொள்ள உங்களுக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைக்காமல் போகலாம்.

ஷெப்பர்ட் சுலபம் என்று நினைக்காதீர்கள். அடர்ந்த முடிக்குள் உண்ணி ஒளிந்துகொள்ளும், நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலுக்குப் பஞ்சமில்லை, அதிலும் இந்த இனத்துக்கு வந்தால் கடுமையாக வரும். வாரம் ஒருமுறை காது மடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் விரலால் துழாவுங்கள். சாப்பாட்டை ஒதுக்கினாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். வெயிலுக்காக மொட்டையடித்தும் கொண்டுவராதீர்கள். மின்விசிறியும் நிழலும் தண்ணீரும் போதும், நடையை விடியலுக்கு மாற்றுங்கள். காது நிமிரவில்லை என்று கால்சியம் டானிக்கை ஊற்றுவது இன்னொரு கொடுமை. காது ஐந்தாறு மாதத்தில் தானாக நிமிரும். அதிகப்படியான கால்சியம் வளரும் எலும்பைக் கெடுக்கும். இடுப்பு மூட்டுப் பிரச்சினை இரண்டு இனத்திலும் பரம்பரையாக வருவது. ஆகவே குட்டியின் அழகைப் பார்ப்பதற்கு முன் தாயை நடக்கவிட்டுப் பாருங்கள். தாயைக் காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம், தயவுசெய்து.

அந்த 14 மாத நாயை நான் ஊசி போட்டு முடிக்கவில்லை. பத்து நாள் கண்காணிப்பு, வாய்க்கூடு, அப்புறம் ஒரு பயிற்சியாளர் என்று பேசி அனுப்பினேன். பழைய நிலைக்கு வரும் என்று உறுதி கொடுக்க முடியவில்லை, கொடுக்கவும் இல்லை. அவர்கள் கிளம்பிய அரைமணி நேரத்தில் ஒரு போன்: "டாக்டர், ராட்வீலர் குட்டிக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டேன், 35 நாள் ஆகுது, நாளைக்குத் தூக்கிட்டு வரலாமா?" இன்னும் மூன்று வாரம் தாயிடமே இருக்கட்டும் என்றேன். யார் யார் இருக்கிற வீடு என்றும் கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது.