ஹல்க்: அரக்கனா, பூதமா?

பச்சை உடம்பு, கிழிந்த கால்சட்டை, கண்ணில் பட்டதையெல்லாம் நொறுக்கும் கை. ஹல்க் என்றதும் நினைவுக்கு வருவது இந்த மார்வெல் காமிக்ஸ் நாயகன்தான். ஆனால் சொல் அவனைவிட ஆயிரம் ஆண்டு மூத்தது.

பழைய ஆங்கிலத்தில் ஹல்க் என்றால் கப்பல். இழுத்துச் செல்லும் சரக்குக் கப்பலைக் குறித்த 'ஹோல்காஸ்' என்ற கிரேக்கச் சொல் லத்தீன் வழியாக வந்து இப்படி ஆகியிருக்கலாம் என்பார்கள். சரக்கேற்றிய கப்பல் அசைந்து அசைந்து நகர்வதாலோ என்னவோ, பருத்து, சுறுசுறுப்பு இல்லாத ஆளுக்கும் அதே பெயர் வந்தது. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் தொந்தி பெருத்த ஃபால்ஸ்டாஃப் 'ஹல்க் சர் ஜான்' ஆகிறார். அப்புறம், பாயும் கயிறும் கழற்றிய, இனி கடலோடாத கப்பலின் வெற்றுடல் என்ற பொருளும் சேர்ந்தது. 1776 முதல் 1857 வரை இங்கிலாந்தில் இந்த வெற்றுக் கப்பல்களிலும் கைதிகளை அடைத்து வைத்தார்கள்.

காமிக்ஸ் ஹல்க்கை உருவாக்கிய ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் அந்தச் சிறைக் கப்பலை நினைத்துப் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. இருந்தாலும், ராட்சத உடம்புக்குள் ஒரு மனிதன் அடைபட்டுக் கிடக்கிற கதைக்கு அது கச்சிதமான பெயர்.

முதல் இதழ் 1962 மே மாதத் தேதியோடு வந்தது. காமா குண்டைச் சோதிக்கும் நேரத்தில் ஒரு சிறுவன் அந்த இடத்துக்குள் நுழைந்துவிடுகிறான். விஞ்ஞானி புரூஸ் பேனர் ஓடிப்போய் அவனைப் பள்ளத்தில் தள்ளிக் காப்பாற்ற, கதிர்வீச்சு அவர்மேல் பாய்கிறது; அதனால் அவர் ஹல்க்காக மாறத் தொடங்குகிறார். கதைக்குள் ஹல்க் என்று பெயர் சூட்டுவது ஒரு சிப்பாய். முதலில் ஹல்க் சாம்பல் நிறம். அச்சில் அந்த நிறம் பக்கத்துக்குப் பக்கம் மாறித் தொலைத்ததால் இரண்டாம் இதழிலிருந்து பச்சையாக்கினார்கள். கோபம் வந்தால் மாறுவான் என்பதும் பிறகு வந்ததுதான்; தொடக்கத்தில் இருட்டினால் மாறுவான். ஆறு இதழோடு தொடரே நின்றுபோய், பின்னர் வேறொரு இதழில் மீண்டது.

எனக்கு அவனிடம் பிடித்தது பலம் அல்ல. மற்ற நாயகர்கள் வேண்டும்போது முகமூடி மாட்டிக்கொள்கிறார்கள். பேனருக்கு அந்த உரிமை இல்லை. அடக்க அடக்கத்தான் கோபம் ஹல்க்காக வெளியே வருகிறது. விழித்துப் பார்த்தால் சட்டை கிழிந்து, சுற்றிலும் இடிபாடு, நடந்தது பாதி நினைவில்லை. அப்பனின் அடி உதைக்கு நடுவே வளர்ந்தவன் பேனர் என்று 1985-இல் எழுதப்பட்டபோது அந்தக் கோபத்துக்கு ஒரு வயதும் வீடும் கிடைத்தன. மேலதிகாரி முன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பவர்களுக்கு ஹல்க் ஏன் பிடிக்கிறது என்பதை விளக்க வேண்டுமா என்ன!

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? சட்டென்று 'அரக்கன்' வரும். அது பொருந்தாது. நம் கதைகளில் அரக்கனுக்கு நாடு உண்டு, திட்டம் உண்டு, தான் செய்வது இன்னது என்ற தெளிவும் உண்டு. இராவணன் வீணை வாசிப்பவன். தெரிந்தே சீதையைத் தூக்கினான். ஹல்க் எதையும் திட்டமிட்டுச் செய்பவன் இல்லை.

பூதம் சரியான சொல். பெரிய உடம்பு, முரட்டு வலிமை, பார்த்தாலே பயம். ஆனாலும் கெட்டது என்று ஒதுக்கிவிட முடியாது. சிவனைச் சுற்றி நிற்பவை பூதகணங்கள். சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரத்துச் சதுக்கப் பூதம், பொய்ச்சாட்சி சொல்பவர்களையும் புறங்கூறுபவர்களையும் கயிற்றால் கட்டி அடித்துத் தின்னும். நல்லவர்களுக்கு அதனால் ஆபத்தில்லை. போதாததற்கு, கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்ற பழமொழி வேறு இருக்கிறது. குண்டு செய்யப் போன பேனரின் கதையே அதுதான்.

ஆகவே கப்பலைக் குறித்தால் 'வெற்றுக் கப்பல்' எனலாம். வெறுமனே பருத்த முரட்டு ஆள் என்றால் 'தடிமாடு', 'மலைமாடு' என்று பேச்சில் இருப்பதே போதும். காமிக்ஸ் நாயகனின் பெயரை ஹல்க் என்றே வைத்துக்கொண்டு, வர்ணிக்கும் இடத்தில் 'பச்சைப் பூதம்' என்று எழுதுங்கள்.