பசையற்ற உணவு: ஒட்டாத ஒரு மொழிபெயர்ப்பு

"பசையற்ற உணவு" என்ற தொடரை இன்னும் எத்தனை இடத்தில்தான் படிப்பது? மாவுப் பொட்டலம், மருத்துவக் குறிப்பு, பயணிகளுக்கான செயலி என்று, கோதுமை முதலிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் இல்லை எனச் சொல்லும் "குளூட்டன் ஃப்ரீ" வருகிற இடத்திலெல்லாம் இதுதான் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தமிழ் தெரிந்தவர்களுக்கு நடுவே இருக்கும்வரை இது வெறும் அசட்டுத் தமிழ். மொழி தெரியாத நாட்டில், சமையற்காரரிடம் கைப்பேசியை நீட்டிச் சாப்பாடு கேட்கவேண்டிய சீலியாக் நோயாளிக்கோ (குளூட்டன் உள்ளே போனால் உடல் தன் குடலையே தாக்கும் நோய் அது) இது வயிற்றோடு விளையாடுகிற சமாச்சாரம். தமிழில் "பசையற்ற உணவு" என்று தட்டினால், அந்த ஊர் மொழியில் அது "ஒட்டாத உணவு" என்று போய் விழலாம். ஒட்டாத சட்டியில் சுட்ட கோதுமை ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தால், சமையற்காரரைக் குறை சொல்ல முடியாது.

சொல்லின் பிறப்பு எளிது. லத்தீனில் குளூட்டன் என்றால் பசை. இத்தாலியின் போலோஞா நகரில் ஜாகோபோ பெக்காரி என்பவர் கோதுமை மாவைத் தண்ணீரில் கசக்கிக் கரையாமல் நின்றதைப் பிரித்துக் காட்டி 1728-இல் பேசினார்; அது 1745-இல் அச்சானது. கிளையடின், குளூட்டெனின் என்னும் இரண்டு புரதத் தொகுதிகள் தண்ணீர் பட்டுப் பிசையும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதுதான் குளூட்டன். பார்லியில் ஹோர்டீன், கோதுமைக்கு உறவான ரை தானியத்தில் செகலின் என்று இவற்றின் பங்காளிகள் உண்டு. சீலியாக் குடலுக்கு எல்லாம் ஒரே குடும்பம்தான். உணவுச் சட்டங்களும் எல்லாவற்றையும் சேர்த்தே குளூட்டன் என்கின்றன.

ஆக, லத்தீனில் பசை, தமிழிலும் பசை, கணக்குச் சரியாகிவிட்டது என்று மொழிபெயர்ப்பாளர் பேனாவை மூடிவிடுகிறார். பெக்காரி செய்ததை ஒருமுறை செய்து பார்த்திருந்தால் மூடியிருக்க மாட்டார். 100 கிராம் மைதாவில் 60 மில்லி தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு ஒரு கிண்ணம் தண்ணீருக்குள் அந்த உருண்டையை அமுக்கி அமுக்கிக் கசக்குங்கள். பால்போல் வெளுத்து இறங்குவது மாவுச்சத்து. தண்ணீரை நாலைந்து முறை மாற்றி, அது தெளிந்து வரும்போது உள்ளங்கையில் 25, 30 கிராம் எடையில் பழுப்பேறிய கட்டி ஒன்று மிஞ்சும். அதிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். இழுத்தால் ஜவ்வாக நீளும், விட்டால் சுருங்கும். இதுதான் குளூட்டன். இதை வைத்து ஒரு காகிதத்தை ஒட்டிப் பாருங்கள், சரியாக ஒட்டாது. கீழே விட்ட வெள்ளைத் தண்ணீரைத் தெளியவைத்து, அடியில் படிந்ததைக் காய்ச்சினால்தான் நாம் பசை என்று சொல்லும் பசை கிடைக்கும். பழைய ஏடுகளைப் பழுதுபார்ப்பவர்கள் குளூட்டன் நீக்கிய கோதுமை மாவுச்சத்தில்தான் பசை காய்ச்சுகிறார்கள். அதாவது, குளூட்டன் போன பிறகு மிஞ்சுவதே பசை. "பசையற்ற" என்று எழுதுகிறவர் எதை அகற்றுகிறார்?

அரிசிக்கு வந்தால் கூத்து முற்றுகிறது. கிழக்கு ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் சமைக்கும் ஒட்டரிசியை ஆங்கிலத்தில் அதே லத்தீன் வேரிலிருந்து வந்த பெயரால் அழைக்கிறார்கள். அந்த அரிசியில் ஒரு துளி குளூட்டன் கிடையாது. அதன் மாவுச்சத்து ஏறத்தாழ முழுக்க அமைலோபெக்டின் என்ற வகை, அமைலோஸ் என்ற மற்ற வகை மிகக் குறைவு. அதனால் வெந்ததும் ஒட்டுகிறது, அவ்வளவுதான். இதைச் சிலர் "குளூட்டன் அரிசி" என்றே தமிழாக்கிவிடுகிறார்கள். விளைவு தலைகீழ்: விரலில் ஒட்டும் சோறு நோயாளிக்கு நல்லது, மொறுமொறுவென்று, பசையே தெரியாத பிஸ்கட் அவருக்கு ஆகாது. தொட்டுப் பார்த்து முடிவெடுக்கச் சொல்லும் பெயர் இந்த இடத்தில் நேர் எதிராகத் தொட வைக்கிறது.

"பசையற்ற என்று சொல்லவில்லையே, பசையம் என்றல்லவா கலைச்சொல் ஆக்கியிருக்கிறோம்" என்பார்கள். ஈறு மாறினால் பொருள் மாறிவிடுமா? போதாக்குறைக்கு, இலையின் பச்சை நிறத்துக்குப் பச்சையம் என்ற சொல் பள்ளிப் பாடத்திலேயே வேரூன்றிவிட்டது. இரண்டுக்கும் நடுவே ஓர் ஒற்றுதான். விரல் தவறி "பச்சையம் இல்லாத உணவு" என்று அடித்தால், கீரை வேண்டாம் என்று ஆகும். பேச்சுவழக்கில் "பசையுள்ள ஆசாமி" யார் என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்தக் கணக்கில் பசையற்ற உணவு மாதக் கடைசியில் எல்லோரும் சாப்பிடுவது.

மாப்பிசின் என்பது இன்னொரு முயற்சி. காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் குளூட்டன் இல்லாத மாவு பிசைந்தால் பொலபொலவென்று உதிரும். ஜவ்வுத்தன்மைக்காக அதில் சாந்தன் கம், குவார் கம் போன்றவற்றைச் சேர்ப்பார்கள். ரொட்டிக்கு 100 கிராம் மாவுக்கு ஒரு கிராம் அளவில் சேர்த்தாலே பிடிப்பு வந்துவிடும். கம் என்றால் தமிழில் பிசின்தானே? பொட்டலத்தின் முன்பக்கம் "மாப்பிசின் இல்லாதது", பின்பக்கம் "சேர்மானம்: சாந்தன் பிசின், குவார் பிசின்" என்று வந்தால் வாங்குகிறவர் எந்தப் பக்கத்தை நம்புவார்?

மிச்சமிருப்பவற்றில் ஆபத்தானது "கோதுமையற்ற". சரிபாதி உண்மை என்பதால்தான் ஆபத்து. அமெரிக்காவின் 2004-ஆம் ஆண்டு ஒவ்வாமைப் பொருள் சட்டம் கோதுமையைக் குறிப்பிடச் சொல்கிறது. பார்லியையும் ரையையும் அல்ல. ஜப்பானின் கட்டாயப் பட்டியலிலும் கோதுமை உண்டு, அந்த இரண்டும் இல்லை. கோதுமை இல்லை என்ற குறிப்பை நம்பி ஒரு பொட்டலத்தை எடுத்தால், உள்ளே பார்லி மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பிழைப்பு கொஞ்சம் எளிது: கோதுமை, ரை, பார்லி, ஓட்ஸ் ஆகியவற்றின் பெயரைச் சேர்மானப் பட்டியலில் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும் என்பது விதி. கனடாவும் குளூட்டன் தரும் தானியத்தின் பெயரைச் சொல்லச் சொல்கிறது.

தனித்தமிழ் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. பாடநூலுக்கு ஒரு சொல் வேண்டும் என்றால், இழுத்தால் நீளும் குணத்தை வைத்து இழுபுரதம் என்று ஆக்கலாம். சீனத்தில் குளூட்டனுக்கு மாவின் தசைநார் என்று பொருள்படும் சொல் இருக்கிறது. கையால் இழுத்துப் பார்த்தவன் வைத்த பெயர் அது. ஆனால் பொட்டலத்திலும் உணவகத்திலும் குளூட்டன் என்றே இருக்கட்டும். ஜெர்மானியர்களிடம் பசை என்றே பொருள்படும் சொந்தச் சொல் உண்டு, ரொட்டி சுடுபவர்கள் அதைப் பேசவும் செய்கிறார்கள். ஆனாலும் பொட்டலத்தில் அச்சாவது குளூட்டன்ஃப்ரை. அர்ஜென்டினாவில் புரதத்தின் பெயருக்கே போகாமல் "சின் டாக்" என்று போடுகிறார்கள். கோதுமை, ஓட்ஸ், பார்லி, ரை ஆகியவற்றின் ஸ்பானியப் பெயர்களின் முதலெழுத்துகள் அவை. அந்த நான்கும் இல்லை என்று பொருள். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. எழுதும்போது குளூட்டன் என்றே எழுதுங்கள். மெய்யெழுத்தில் தொடங்கும் க்ளூட்டன் தமிழ் மரபுக்கு ஆகாது. குளுக்கோசோடும் குளூட்டமேட்டோடும் போட்டுக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். குளூட்டமிக் அமிலம் 1866-இல் கோதுமைக் குளூட்டனிலிருந்து முதலில் எடுக்கப்பட்டதால் அந்தப் பெயர் பெற்றது. அதன் உப்பான குளூட்டமேட்டில் குளூட்டன் இல்லை.

இனி "ஃப்ரீ". இல்லாத, அற்ற, நீக்கிய, கலவாத என்று நான்கு இருந்தும் எல்லோரும் "அற்ற" மேலேயே போய் விழுகிறார்கள். அற்ற என்றால் பூச்சியம். சட்டம் பூச்சியம் கேட்கவில்லை. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரநிலையும், ஐரோப்பிய ஒன்றியமும், அமெரிக்காவும் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும்தான் சோதனையில் தென்படவே கூடாது. "நீக்கிய" என்பது குளூட்டனைக் கழுவி எடுத்த கோதுமை மாவுச்சத்துக்கு மட்டும் பொருந்தும். எனக்குப் பிடித்தது "கலவாத". ஏனென்றால் வெளிநாட்டில் நோயாளியைக் கவிழ்ப்பது பெரும்பாலும் சேர்மானம் அல்ல, கலப்பு. மாவில் தோய்த்த மீனைப் பொரித்த அதே எண்ணெயில் உருளைக்கிழங்கு, பாஸ்தா வெந்த தண்ணீரிலேயே காய்கறி, பொது டோஸ்டர், மாவு தூவிய பலகை. நாளுக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே என்பது பெரும்பாலான சீலியாக் நோயாளிகள் தாங்கும் அளவாகக் கொள்ளப்படுகிறது. 30 கிராம் ரொட்டித் துண்டில் 2 கிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கும். அதில் இருநூறில் ஒரு பங்குகூட வேண்டாம், வரம்பு தாண்டிவிடும். மேசையில் கிடக்கும் ரொட்டித் துணுக்குகளைப் பார்த்தால் புரியும். 20 மில்லிகிராம் வரம்பிலேயே இருக்கும் உணவென்றால் அரைக் கிலோ சாப்பிட்டால்தான் அந்த அளவு வரும்.

ஓட்ஸ் தனி வழக்கு. கலப்பில்லாத ஓட்ஸைப் பெரும்பாலானோர் தாங்குகிறார்கள், சிலர் தாங்குவதில்லை. ஐரோப்பாவில் 20 மில்லிகிராமுக்குள் இருந்தால் குளூட்டன் கலவாதது என்று விற்கலாம். ஆஸ்திரேலியாவில் ஓட்ஸுக்கு அந்தப் பெயரே போட முடியாது. நாடு மாறுகிறவர், பழைய நாட்டின் பொட்டலப் பழக்கத்தைப் பெட்டியில் எடுத்துப் போகக் கூடாது.

சமையற்காரரிடம் நீட்டும் அட்டையில் குளூட்டன் என்ற சொல்லை மட்டும் நம்பி இருக்கவும் வேண்டாம்; பல ஊர் அடுக்களைகளில் அந்தச் சொல்லே தெரியாது. தானியங்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள்: "எனக்குச் சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ் எதுவும் ஆகாது; இவற்றின் மாவு, ரவை, மால்ட், பீர், கோதுமை சேர்த்த சோயா சாஸ் ஆகியவையும் ஆகாது. சிறு துணுக்கு விழுந்தாலும் உடம்பு கெடும். அரிசி, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, முட்டை, மீன், இறைச்சி, காய்கறி சாப்பிடலாம். கழுவிய சட்டி, கழுவிய கரண்டி, புது எண்ணெயில் சமைத்துத் தர முடியுமா?" கடைசிக் கேள்வியை விடாதீர்கள். முடியாது என்ற பதிலும் நமக்கு உதவும். "ஒவ்வாமை" என்று எழுதினால் ஓடிவருவார்கள், உண்மைதான். ஆனால் சீலியாக் ஒவ்வாமை அல்ல, உடலின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்கும் நோய். உடனே தடிப்பு வரவில்லையே என்று அடுத்த தட்டில் அசட்டை காட்டிவிடுவார்கள்.

எழுதியதைக் கருவியில் போட்டு அந்த ஊர் மொழிக்கு மாற்றி, வந்ததைத் திரும்பத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். ரை "கம்பு" என்று திரும்பி வரும் வாய்ப்பு உண்டு. கம்பு குளூட்டன் இல்லாத சிறுதானியம், ரை கோதுமைக்கு உறவுக்காரன். ஆகாததை விட்டுவிட்டு ஆகிறதைத் தள்ளிவைக்கச் சொல்லியிருப்பீர்கள். பக்வீட் என்ற தானியத்தின் பெயரில் ஆங்கிலக் கோதுமையான "வீட்" ஒளிந்திருந்தாலும் அது கோதுமை இனமே அல்ல. ஆனால் அதில் செய்யும் ஜப்பானியச் சோபா நூடுல்ஸில் கோதுமை மாவு கலப்பது வழக்கம் என்பதால் அதையும் கேட்டே சாப்பிட வேண்டும். மால்ட் "மாவு" என்று வந்தால் "முளைகட்டிய பார்லி" என்று மாற்றி எழுதுங்கள். திரும்பி வந்த தமிழில் "பசை" என்ற எழுத்துகள் எங்காவது தலைகாட்டினால், அந்த அட்டையை நீட்டாதீர்கள்.