இடவுணர்வு எதற்கு, பற்று இருக்கும்போது

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு செயலமர்வுக்குப் போனால், தேநீர் இடைவேளைக்கு முன்னரே பெரிய வெள்ளைத் தாளில் ‘இடவுணர்வு’ என்று எழுதிவிடுகிறார்கள். சுற்றுலா அபிவிருத்தி என்றாலும் இதுதான், மரபுரிமைப் பாதுகாப்பு என்றாலும் இதுதான், இளைஞர் பயிற்சி என்றாலும் இதுதான். ‘உங்கள் பிரதேசத்தின் இடவுணர்வைக் குழுவாகக் கலந்துரையாடி முன்வைக்குக.’ குழுவில் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் மெதுவாக ‘சென்ஸ் ஒஃப் பிளேஸைத்தான் கேட்கினம்’ என்பார். அதன்பிறகுதான் பேனையைத் திறப்பார்கள். ஒரு தமிழ்ச் சொல்லை விளங்கிக்கொள்ள ஆங்கிலம் தேவைப்படுகிறது என்றால் அது என்ன தமிழ்ச் சொல்?

மூலச் சொல்லின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு காவல் தெய்வம் உண்டு என்று பழைய உரோமர் நம்பினார்கள். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கவிஞர்களும் தோட்டக் கலைஞர்களும் அதை ஓர் இடத்தின் தன்மை என்ற பொருளுக்கு இழுத்துக்கொண்டார்கள். 1970களில் யி-ஃபூ துவான் போன்ற புவியியலாளர்கள் அதைத் துறைச் சொல்லாக வளர்த்தார்கள். துவான் சீனாவில் பிறந்து அமெரிக்காவில் படிப்பித்தவர். வெறும் வெளியாகக் கிடப்பது, மனிதர் பழகப் பழக அவர்களுக்கு உரிய இடமாக மாறுகிறது என்பது அவருடைய வாதம். ஓர் ஊர் அங்கே வாழ்பவருக்கு ஏன் மற்ற ஊர்களைப்போல இல்லை என்ற கேள்விக்கான விடையைத்தான் அந்த ஆங்கிலச் சொல் குறிக்கிறது. அவ்வளவுதான். கருத்தோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை தமிழ்ப்படுத்தியவரோடு. ‘சென்ஸ்’ என்று கண்டவுடன் உணர்வு என்று எழுதிவிடுவது ஒரு நோய். ‘கொமன் சென்ஸ்’ என்பதைப் பொது உணர்வு என்று யாராவது எழுதுகிறோமா? பொதுப்புத்தி என்கிறோம். ஒரு சொல்லுக்கு என்ன ‘சென்ஸ்’ என்று கேட்டால் பொருள் என்கிறோம். இடத்துக்கு இடம் பார்த்துத்தான் மொழிபெயர்க்கத் தெரிகிறது, ஆனால் செயலமர்வு அறிக்கை என்று வந்தால் மட்டும் கை தானாக உணர்வு என்று எழுதுகிறது. உணர்வு என்பது உள்ளே எழுந்து அடங்குகிற ஒன்று. பசியுணர்வு வரும், போகும். ஊரோடு உள்ள ஒட்டு அப்படி வந்து போகிறதா? கனடாவில் முப்பது வருடம் இருந்தவர் கிழமைக்கு ஒருமுறை ஊரில் மழையா என்று தொலைபேசியில் கேட்பதை எந்த உணர்வுக் கணக்கில் சேர்ப்பது?

அடுத்தது ‘இடம்’. இது இன்னும் மோசம். முல்லைத்தீவுப் பக்கம் நடந்த ஒரு கூட்டத்தில் அதை நடத்திய வளவாளர் இந்தக் கேள்வியைக் கேட்க, முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர், “எந்த இடத்தச் சொல்லுறியள் தம்பி? உறுதி இல்லாத காணியளைப் பற்றியோ?” என்று திருப்பிக் கேட்டார். சபை சிரித்தது. சிரிக்க ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே உள்ள எங்கள் வன்னியில் இடம் என்றால் முதலில் காணித்துண்டு, அளவை, உறுதிப் பத்திரம், வீட்டுத்திட்டம். பஸ்ஸில் இடம், பள்ளிக்கூடத்தில் இடம், ஆஸ்பத்திரியில் இடம். யாரும் இருக்கலாம், எழும்பிப் போகலாம், இன்னொருவர் வந்து இருக்கலாம். அதனால்தான் அது இடம்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் தனியாக வருவதே குறைவு. ‘இடம்பெயர்ந்தோம்’ என்றுதான் வரும். 1990களிலும் இடம்பெயர்ந்தோம், 2008, 2009இலும் இடம்பெயர்ந்தோம். ‘ஊர்பெயர்ந்தோம்’ என்று ஒருவரும் சொன்னதில்லை. ஆட்கள் இடம் விட்டு இடம் போனார்கள், ஊர் ஊராகவே இருந்தது. போரின் முடிவில் சனத்தை வைத்திருந்த செட்டிகுளத்து முகாம் வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி என்று பெரிய பெரிய பெயர்களாக வைத்திருந்தார்கள். தண்ணீர் வரிசையில் புதிதாக ஒருவரைக் கண்டால் ‘எந்த ஊர்?’ என்றுதான் கேட்டார்கள். பதில் மல்லாவி என்று வரும், விசுவமடு என்று வரும். அருணாசலம் என்று வராது. இடத்துக்கும் ஊருக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட விளக்கமாக எந்த அகராதி சொல்லும்? அப்படிப்பட்ட சனத்திடம் போய் ‘உங்கள் இடவுணர்வு என்ன’ என்று கேட்கிறோம்.

ஊர் என்றால் கிராமம்தானே, அது சின்னது, பிரதேசம் முழுவதையும் எப்படி அது தாங்கும் என்று சிலர் கேட்பார்கள். ஊர் நீளும். ஒட்டுசுட்டானில் நின்று ஊர் எது என்று கேட்டால் ஒரு குறிச்சியின் பெயர் வரும். யாழ்ப்பாணத்தில் கேட்டால் ஒட்டுசுட்டான். கொழும்பில் வன்னி. இலண்டனில் ‘ஊருக்குப் போறம்’ என்றால் விமானச்சீட்டு கட்டுநாயக்காவுக்கு. கேட்பவர் நிற்கும் தூரத்துக்கு ஏற்ப விரிகிற இப்படியொரு சொல்லை வைத்துக்கொண்டு ‘பிரதேசம்’, ‘பிராந்தியம்’ என்று ஏன் கடன் வாங்குகிறோம்? பிரதேசம் என்றதும் பிரதேச செயலகம்தான் நினைவுக்கு வருகிறது, அங்கே நின்ற வரிசைகளும். கணியன் பூங்குன்றன் பெயரிலேயே ஊரை வைத்துக்கொண்டு ‘யாதும் ஊரே’ என்றார். ‘யாதும் இடமே’ என்று பாடியிருந்தால் யார் மனப்பாடம் செய்திருப்பார்கள்?

சரி, அப்போது எந்தச் சொல்? ஊர்ப்பற்று. பேச்சில் பிடிப்பு.

பற்று என்றதும் பள்ளிக்கூட மேடை நினைவு வருகிறதென்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நாட்டுப்பற்று, மொழிப்பற்று என்று பேச்சுப் போட்டிக்காரர்கள் அதைக் கசக்கிவிட்டார்கள் என்பது உண்மை. ஆனால் வன்னியில் இருந்துகொண்டு அந்தச் சொல்லை ஒதுக்குவது அநியாயம். ஏனென்றால் இங்கே பற்று என்பதே நிலத்தின் பெயர். வன்னிக்குப் பழைய பெயர் அடங்காப்பற்று. யாழ்ப்பாணத்து அரசுக்கோ பிறகு வந்த ஐரோப்பியருக்கோ முழுதாக அடங்காமல், யானைத் திறை கொடுப்பதிலும் இழுபறிப்பட்டுக்கொண்டிருந்த வன்னிமைகள் என்ற சிற்றாட்சிகளின் நிலம் என்பதால் அப்படிச் சொன்னார்கள். உள்ளே பிரித்தால் மேல்பற்று, கருநாவற்பற்று என்று மறுபடியும் பற்றுகள்தான். பல ஊர்கள் சேர்ந்த நிலப்பிரிவு ஒரு பற்று. மட்டக்களப்புப் பக்கம் கோறளைப்பற்று, ஏறாவூர்ப்பற்று, மண்முனைப்பற்று. சிங்களத்தில் ‘பத்துவ’. இன்றைக்கும் முல்லைத்தீவு நகரம் இருக்கிற பிரதேச செயலாளர் பிரிவின் பெயர் கரைத்துறைப்பற்று. அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறார்கள் தெரியுமா? ‘மரிடைம்பற்று’. கரைத்துறையை மொழிபெயர்த்துவிட்டுப் பற்றை அப்படியே விட்டுவிட்டார்கள். ஆங்கிலக்காரர் கைவைக்காத சொல்லை நாங்கள் கைவிட்டுவிட்டு, அவர்களுடைய சொல்லைப் பார்த்து இடவுணர்வு செய்கிறோம்!

ஆக, நிலமும் பற்று, அந்த நிலத்தில் உள்ள ஒட்டும் பற்று. ஆங்கிலச் சொல் மூன்று துண்டாகச் சொல்ல முயல்வது இங்கே ஒரே சொல்லில் ஏற்கெனவே இருக்கிறது. பற்றுதல் என்றால் பிடித்தல். கொடி கொம்பைப் பற்றும், நெருப்பு கூரையைப் பற்றும். பற்றுவதும் பற்றப்படுவதும் இரண்டு பக்கமும் வேண்டும். உணர்வுக்கு அந்த இரண்டாவது பக்கம் இல்லை. அது மனிதரின் மனசுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, மண்ணுக்கு அதில் வேலையே இல்லை. ‘ஊரைப் பற்றிச் சொல்லு’ என்கிறோமே, அந்தப் ‘பற்றி’யும் இதே வினைதான்.

பற்று துறக்கவேண்டியது அல்லவா என்று சைவப் பழமான ஒருவர் கேட்டார். ‘பற்றுக பற்றற்றான் பற்றினை’ என்ற குறள் துறவு அதிகாரத்தில்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விடுவதற்கே ஓர் அதிகாரம் தேவைப்பட்டது என்றால் அந்தச் சொல்லின் வலுவைப் பார்த்துக்கொள்ளுங்கள். இடவுணர்வைத் துறக்க எவருக்கும் குறள் வேண்டாம். கூட்டம் முடிந்ததும் தானாகப் போய்விடும்.

தமிழ்நாட்டுச் சூழலியல் எழுத்துகளின் சாயலில் ‘திணையுணர்வு’ என்று எழுதுகிறவர்களும் இப்போது புறப்பட்டிருக்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் திணை ஒரு வகை. முல்லை எங்கே இருந்தாலும் முல்லை. முத்தையன்கட்டுக்காரருக்குத் தன் குளத்தில் உள்ள ஒட்டு, வவுனிக்குளத்தில் வராது. இரண்டும் காட்டோரம், இரண்டும் குளத்துக்குக் கீழே வயல், ஒன்றுக்குப் பேராறு, மற்றதற்குப் பாலியாறு. திணை அளவில் பார்த்தால் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் ஊர் அளவில் இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தோம்.

‘பூர்வீகம்’ என்றும் எழுதுகிறார்கள். வன்னிக்கு இது பொருந்தவே பொருந்தாது. இரணைமடுக் குளத்தின் கீழே வட்டக்கச்சி, உருத்திரபுரம் குடியேற்றங்களில் காணி பெற்று வந்தவர்களில் பெரும்பங்கு யாழ்ப்பாணத்தார். 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டி இருந்தவர்கள் ஆயிரக்கணக்கில். பூர்வீகம் கேட்டால் அவர்கள் வேறு ஊரைச் சொல்வார்கள். ஆனால் உருத்திரபுரத்தில் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று இலக்கம் போட்டு வைத்த பெயரையே ஊர்ப்பெயராக்கி, அதைச் சொல்லும்போது நெஞ்சு நிமிர்த்துகிறவர்கள். பற்று பிறப்பால் வருவதல்ல, பழகி வருவது. அதனால்தான் அவர்களுக்கும் அது பொருந்துகிறது.

முல்லைத்தீவுக் கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்த அம்மாவிடம் பிறகு வேறொருவர் போய், “அம்மா, ஊரில உங்களுக்கு என்ன பிடிப்பு?” என்று கேட்டார். அவ்வளவுதான், நிறுத்த முடியவில்லை. குளம் நிரம்பி வான் பாய்கிற அன்று ஊரே குளக்கட்டில் வந்து நிற்பது. குளத்து மதகான துருசு திறந்து முதல் தண்ணீர் வாய்க்காலில் வரும்போது பொடியள் அதற்கு முன்னால் ஓடுவது. வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, அந்த உப்புத் தண்ணீரில் விளக்கு எரிவது. பாலைப்பழக் காலத்தில் தின்று தின்று உதடு ஒட்டிப்போவது, அதே பழத்துக்குக் கரடியும் வரும் என்பதால் காட்டுக்குள் தனியாகப் போகவிடாதது. யானைக்குக் காவல் கொட்டிலில் இருந்து கத்திய இரவுகள். முறிகண்டியில் பஸ் நிற்க, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் வாங்குவது. கடைசி விடயம் அவருடைய ஊரே இல்லை, ஆனாலும் சேர்த்துக்கொண்டார். ஏ-9 வீதியில் போகிற எவருக்கும் முறிகண்டியில் பங்கு உண்டுதானே. வளவாளர் இவற்றையெல்லாம் கேட்டு எழுதினார். அறிக்கையில் வந்தது: ‘பிரதேசத்தின் விசேட அம்சங்கள்: நீர்ப்பாசனம், சமய விழாக்கள், வனவளம்.’

இந்த இடத்தில் கொஞ்சம் கோபப்பட அனுமதியுங்கள். மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஆங்கிலம் குறைவு என்பதல்ல என் முறைப்பாடு, நிறையவே தெரிகிறது. தமிழில் ஒருவர் அந்தப் பொருளை முன்பே பேசியிருப்பார் என்ற எண்ணம்தான் வருவதில்லை. எல்லாம் இன்றைக்குத்தான் தமிழுக்குள் இறக்குமதியாகிறது என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் பெட்டி செய்கிறார்கள். ‘டாங்க்’ என்று கண்டு, குளத்தைத் தொட்டி என்று எழுதிய பிரசுரம் ஒன்று என் கையில் கிடைத்தது. வான் பாய்கிற தொட்டியைக் கண்டவர் யாராவது உண்டா? அலைகரை, வான், துருசு, காலபோகம், சிறுபோகம் என்று ஒரு குளத்தைச் சுற்றி மட்டும் எத்தனை சொல் இருக்கிறது. அவற்றை ஒரு கமக்காரரிடம் கேட்டு எழுதியிருந்தால் அச்சுச் செலவாவது மிஞ்சியிருக்கும். இயந்திர மொழிபெயர்ப்பு வந்த பிறகு நிலைமை இன்னும் வேகமாகிவிட்டது. முன்னர் பிழையை ஒருவர் யோசித்துச் செய்ய வேண்டியிருந்தது.

ஆகவே, கட்டுரையில், ஆய்வில், துறைச் சொல்லாக வேண்டுமென்றால் ஊர்ப்பற்று என்று எழுதுங்கள். மண்பற்று என்றும் எழுதலாம், ஆனால் அதில் மேடை வாசம் சற்றுக் கூட. ஆளைப் பார்த்துக் கேட்கும்போது பிடிப்பு போதும். பற்று என்று வாய்விட்டுக் கேட்டால் தேர்தல் காலமோ என்று நினைப்பார்கள். ‘உங்கள் இடவுணர்வை விவரிக்குக’ என்ற வினாவுக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். அதை வெட்டிவிட்டு, ‘இந்த ஊரை விட்டுப் போக உங்களுக்கு ஏன் மனம் வருகுதில்லை?’ என்று கேளுங்கள். பதிலுக்கு நேரம் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்க வேண்டிவரும், மதியச் சாப்பாடு பிந்தும்.