செர்ரி மரமும் டிசம்பர் வாளும்

லண்டனின் வடமேற்குப் பகுதியில் வீட்டுத் தோட்ட மரங்களைப் பராமரிப்பது என் தொழில். மே மாதம் பிறந்துவிட்டால் நம்மவர் வீடுகளிலிருந்து ஏறக்குறைய ஒரே கேள்வி வரும்: செர்ரி மரத்தில் ஒரு கிளை மட்டும் வெளிறிக் கிடக்கிறது, அதற்கு என்ன உரம் போடலாம்? நேரில் போய்ப் பார்த்தால், நல்ல பச்சை இலைகளுக்கு நடுவே அந்த ஒரு கிளையின் இலைகள் மட்டும் ஈயம் பூசிய பாத்திரம்போல மினுங்கிக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் இந்தப் பக்கம் வாள் வைத்தீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். கிறிஸ்துமஸ் விடுமுறையில் நேரம் கிடைத்தது, இலையெல்லாம் உதிர்ந்திருந்ததால் எந்தக் கிளை எங்கே போகிறது என்பதும் தெளிவாகத் தெரிந்தது, ஆகவே வெட்டிவிட்டோம் என்பார்கள்.

ஒடித்து வளர்த்த முருங்கையைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். எப்போது வெட்டினாலும் மரம் துளிர்க்கும் என்ற நம்பிக்கை நமக்குக் கூடவே வந்திருக்கிறது. போதாக்குறைக்கு, ஆப்பிளையும் பேரியையும் இந்நாட்டில் குளிர்காலத்தில்தான் கவாத்து செய்வார்கள் என்பதால், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் யோசனையும் தவறான திசையையே காட்டுகிறது. செர்ரி, பிளம் போன்ற கொட்டைப் பழ மரங்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

காரணம் வெள்ளி இலை நோய். இதை உண்டாக்கும் காண்ட்ரோஸ்டீரியம் பர்ப்யூரியம் என்னும் பூஞ்சை, பட்டுப்போன மரக்கட்டைகளில் ஊதா நிறத் தட்டுக் காளானாக வளர்ந்து, பெரும்பாலும் செப்டம்பர் முதல் மே வரையான ஈரக் காலத்தில் தன் வித்துகளைக் காற்றில் விடுகிறது. அந்த வித்துக்குத் தேவை ஒரு புதிய வெட்டுக்காயம் மட்டுமே. கோடையில் காற்றில் வித்துகள் குறைவு, மரமும் விழித்திருப்பதால் காயத்தை விரைவாக மூடிக்கொள்கிறது. டிசம்பரிலோ உறங்கும் மரத்தின் காயம் வாரக்கணக்கில் திறந்தே கிடக்கிறது. கட்டைக்குள் குடியேறிய பூஞ்சை சுரக்கும் நச்சு, சாற்றோடு மேலேறி இலையின் மேல்தோலை உட்சதையிலிருந்து பிரித்துவிடுகிறது. இடையில் புகும் காற்றில் ஒளி சிதறுவதைத்தான் நாம் வெள்ளி நிறமாகப் பார்க்கிறோம். உரம் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

ஆனால் வெளிறிய எல்லா இலையும் இந்த நோயைக் காட்டுவதில்லை. மரம் முழுவதும் ஒரே நேரத்தில் வெளிறினால், அது பெரும்பாலும் தண்ணீர்க் குறைவாலோ சத்துக் குறைவாலோ வந்த தளர்ச்சியாக இருக்கும். ஐயம் தீர, பாதிக்கப்பட்ட கிளையில் கட்டைவிரல் பருமனுள்ள இடத்தைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். நடுவில் பழுப்புக் கறை தெரிந்தால் பூஞ்சை உள்ளே இருக்கிறது. அப்போது கோடையிலேயே, கறை மறையும் இடம் வரை பின்னோக்கிச் சென்று, அதற்கும் அப்பால் 10 முதல் 15 சென்டிமீட்டர் நல்ல கட்டையையும் சேர்த்து வெட்டி அகற்ற வேண்டும். வெட்டிய கட்டைகளைத் தோட்ட மூலையில் குவித்து வைப்பது, பூஞ்சைக்கு நாமே வீடு கட்டிக் கொடுப்பதற்குச் சமம். அடிமரத்திலேயே கறை இருந்தால் மரத்தைக் காப்பாற்றுவது கடினம். அதை வீட்டுக்காரரிடம் சொல்லும் நேரந்தான் என் தொழிலில் எனக்குப் பிடிக்காத நேரம்.

ஈரக் காலத்தில் காயங்கள் வழியாகவும் உதிர்ந்த இலைகளின் தழும்புகள் வழியாகவும் நுழையும் பாக்டீரியாப் பட்டைச் சொறி இன்னொரு தொல்லை. பிசின் வடிவதைக் கண்டதும் பலர் அஞ்சுகிறார்கள். செர்ரி மரம் சிறு காயத்துக்கும் பிசின் வடிக்கும். பிசினோடு பட்டையும் உட்குழிந்து பட்டுப்போயிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஆகவே இளமரத்தை வசந்தத்தில் மொட்டுகள் விரிந்த பிறகும், காய்க்கும் மரத்தைப் பழம் பறித்து முடித்து ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட்டுக்குள்ளும் கவாத்து செய்யுங்கள். இனிப்புச் செர்ரி இரண்டாண்டும் அதற்கு மேலும் வயதான கட்டையின் குறுங்கிளைகளில் காய்ப்பதால் அதைக் குறைவாகவே வெட்ட வேண்டும். மொரெல்லோ போன்ற புளிப்புச் செர்ரி முந்தைய ஆண்டுத் தளிரில் காய்ப்பதால், காய்த்து ஓய்ந்த கிளைகளில் சிலவற்றை ஆண்டுதோறும் நீக்கிப் புதுத் தளிருக்கு இடம் விடலாம். வெட்டுவதற்கு முன் கிளைகளுக்குள் பறவைக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். பறவைகள் பயன்படுத்தும் கூட்டை வேண்டுமென்றே அழிப்பது இந்நாட்டின் 1981ஆம் ஆண்டு வனவிலங்கு, கிராமப்புறச் சட்டப்படி குற்றம்.

பெருங்கிளையை வெட்டும் நிலை வருவதே பெரும்பாலும் மரம் வாங்கும்போது செய்த பிழையால்தான். பழத்தின் படத்தைப் பார்த்து வாங்குகிறோம், மரம் எவ்வளவு பெரிதாகும் என்பதைத் தீர்மானிக்கும் வேர்ச்செடி, அதாவது ஒட்டின் அடிச்செடி, எது என்று சீட்டைப் பார்ப்பதில்லை. ஜெர்மனியின் கீசன் நகரில் உருவான கிசெலா 5 வேர்ச்செடியில் ஒட்டிய மரம் சுமார் 3 மீட்டரோடு நின்றுவிடும். பறவைகளிடமிருந்து பழத்தைக் காக்க வலை போர்த்துவதற்கும் எளிது. கென்ட்டின் ஈஸ்ட் மாலிங்கில் உருவான கோல்ட் (Colt) வேர்ச்செடியில் ஒட்டியது நம் சிறு பின்தோட்டங்களுக்குப் பெரிதாகிவிடும். ஒரே மரம் வைக்கத்தான் இடம் உண்டென்றால், கனடாவின் சம்மர்லாண்ட் ஆய்வு நிலையம் 1968இல் வெளியிட்ட ஸ்டெல்லாவைப் போலத் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். வலையை இழுத்துக் கட்டுங்கள். தொங்கும் வலையில் பறவைகள் சிக்கிக்கொள்ளும். பழம் நிறம் மாறும் காலத்தில் மண்ணைக் காயவிடாமல் சீராகத் தண்ணீர் விடுங்கள். அப்போதும் பெருமழை பெய்தால் சில பழங்கள் வெடிக்கத்தான் செய்யும்.

இலையற்ற மரத்தில்தான் கிளைகளின் அமைப்பு தெளிவாகத் தெரியும் என்று சொல்பவர்கள் சொல்வது சரிதான். டிசம்பரில் நானும் என் தோட்டத்து மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பேன். கையில் வாளுக்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளி நூல் இருக்கும். நீக்க வேண்டிய கிளைகளில் அதைக் கட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவேன். ஆகஸ்ட்டில் இலைகளை விலக்கி நூலைத் தேடி வெட்டுவேன்.