ஸ்குவாஷ்: நசுக்கலா, அமுக்கலா?

வேர்நுனியைச் சாயமேற்றி, ஸ்லைடில் வைத்து, கவர் ஸ்லிப் எனும் மெல்லிய கண்ணாடித் துண்டால் மூடி, செல்கள் ஒரே அடுக்காகப் பரவும்படி விரலால் அழுத்துவதற்கு ஆய்வகத்தில் ஸ்குவாஷ் என்று பெயர். நுண்ணோக்கியில் குரோமோசோம்களை எண்ணுவதற்கான வழி இது.

சொல்லின் அடியில் இருப்பது லத்தீன் 'குவாஸ்ஸாரே': உலுக்கு, நொறுக்கு. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பூசணி வகையைக் குறிக்கும் ஸ்குவாஷ் வட அமெரிக்கப் பழங்குடியினரின் நரகான்செட் மொழிச்சொல்; இதற்கு உறவில்லை.

தமிழில் 'நசுக்கல்' என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் நசுக்கினால் உருக்குலையும். பிதுக்கினால் உள்ளிருப்பது வெளியே வரும். இங்கே இரண்டுமே நடக்கக் கூடாது. குரோமோசோம்கள் அந்தந்தச் செல்லுக்குள்ளேயே, ஒன்றன்மேல் ஒன்று கிடக்காமல் விரிய வேண்டும். அழுத்தும்போது கவர் ஸ்லிப் பக்கவாட்டில் நழுவினாலே போதும், செல்கள் உருண்டு எல்லாம் குழம்பிவிடும்.

உண்மையில் விரலுக்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்கும். கொல்கிசின் எனும் வேதிப்பொருள், செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் கதிர்கோல் இழைகள் உருவாகாமல் தடுக்கிறது. பிரியமுடியாத குரோமோசோம்கள் சுருங்கித் தடித்துச் சிதறி நிற்கின்றன. எத்தனாலும் அசிட்டிக் அமிலமும் 3:1 விகிதத்தில் கலந்த கரைசல் செல்களை அந்த நிலையிலேயே நிறுத்துகிறது. பிறகு 60 டிகிரி சூட்டில் சில நிமிடம் ஹைட்ரோகுளோரிக் அமிலம். செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் இளகுவது இதில்தான். இதை அவசரமாக முடித்தால் எவ்வளவு அழுத்தினாலும் திசு கட்டியாகவே இருக்கும். அடுத்து அசிட்டோகார்மைன் சாயம். வெங்காயமானால் செல்லுக்கு 16 சிவந்த கோல்கள் தெரியும்.

முன்பெல்லாம் திசுவை மெழுகில் பதித்துச் சீவினார்கள். கத்தி குரோமோசோமையும் வெட்டியதால் கணக்குப் பிசகியது. 1921இல் செல்லியலாளர் ஜான் பெல்லிங், மகரந்தத்தை உண்டாக்கும் தாய்ச்செல்களுக்கு இரும்பு கலந்த அசிட்டோகார்மைனைப் பயன்படுத்தி, சீவாமலேயே எண்ண வழிகாட்டினார். மனிதனுக்கு 48 அல்ல, 46 குரோமோசோம்கள் என்று 1956இல் ஆய்வாளர்கள் ஜியோவும் லெவானும் வெளியிட்டதிலும் கொல்கிசினும் ஸ்குவாஷும் உண்டு. லெவான் அதற்கு முன் வெங்காய வேரில் கொல்கிசினை ஆராய்ந்தவர்!

ஆகவே 'அமுக்கிப் பரப்பல்' என்பதே என் தேர்வு. தயாரித்த ஸ்லைடை 'அமுக்குத் தயாரிப்பு' எனலாம். செல்களை ஸ்லைடில் தேய்த்துப் பரப்பும் ஸ்மியர் என்பதை இதனோடு குழப்ப வேண்டாம். மகரந்தப்பைக்குள் இருக்கும் தாய்ச்செல்கள் இறுக ஒட்டியிருப்பதில்லை, தேய்த்தாலே பிரிந்துவிடும். அதற்குப் 'பூச்சு' பொருந்தும்.