கிறிஸ்து தருவது சுதந்திரமா, விடுதலையா?

ஆகஸ்ட் 15 வந்தால் நம் சபைகளில் ஒரு பிரசங்கம் நிச்சயம். மேடைக்குப் பின்னால் மூவர்ணத் தோரணம், அதன் நடுவே ‘கிறிஸ்துவில் மெய்யான சுதந்திரம்’ என்ற பேனர். இந்தத் தலைப்பில் என்ன தவறு என்று கேட்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். அண்மையில் நான் கேட்ட பிரசங்கம் ஒன்றில் ஊழியர் 127ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொண்டார். ‘பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம்’ என்று வாசித்துவிட்டு, ஆகையால் பிள்ளைகளைச் சுதந்திரமாக வளர்க்க வேண்டும் என்று பேசினார். கேட்டவர்கள் ஆமென் சொன்னார்கள். அந்த வசனத்தில் இருப்பது ‘சுதந்தரம்’, சுதந்திரம் என்ற பேச்சே இல்லை. எபிரெய மூலத்தில் உள்ள சொல் ‘நகலா’. வாரிசாக வரும் பங்கு, ஆஸ்தி என்று பொருள்.

வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் சுதந்தரம் என்றால் பெரும்பாலும் இதுதான். ‘பூமியைச் சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்’ என்பதற்கு பூமியை உரிமையாகப் பெறுவார்கள் என்று அர்த்தம். சுதந்தரவாளி என்றால் வாரிசு. மிராசு காலத்தில், களத்து நெல்லில் ஊர்ப் பணியாளர்களுக்கு வழிவழியாகச் சேரவேண்டிய பங்குக்கும் சுதந்தரம் என்றே பெயர். 1871இல் முழுமையாக வெளிவந்த அந்த மொழிபெயர்ப்பைச் செய்தவர்கள் தங்கள் காலத் தமிழைத்தான் எழுதினார்கள். பிறகு சொல்லின் பொருள் நகர்ந்துவிட்டது. அதைச் சபைக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது இன்று மேடையில் நிற்பவரின் பொறுப்பு.

சரி, மெய்யான சுதந்திரம் என்று இவர்கள் சொல்லும் பொருளுக்குப் புதிய ஏற்பாட்டில் என்ன சொல் இருக்கிறது? கிரேக்கத்தில் ‘எலெயுதெரியா’. அடிமையாக இல்லாதவனின் நிலை. இதைத் தமிழில் கொண்டுவர நம்மிடம் நான்கு சொற்கள் புழங்குகின்றன: சுதந்திரம், சுயாதீனம், உரிமை வாழ்வு, விடுதலை. முதல் இரண்டும் வடமொழி. ‘ஸ்வ’ என்றால் தன். தன் தந்திரம், அதாவது தன் ஒழுங்கின்படி நடப்பது சுதந்திரம். தனக்கே ஆதீனப்பட்டிருப்பது சுயாதீனம், அதன் எதிர்ச்சொல் பராதீனம். தேர்தலில் கட்சி சாராமல் நிற்பவரைச் சொல்லும் சுயேச்சையும் இந்தக் குடும்பம்தான்: சுய இச்சை. விடுதலை ‘விடு’ என்ற தமிழ் வேரிலிருந்து வருகிறது. வீடுபேறு என்பதில் உள்ள வீடும் அதே வேர்.

வடசொல் என்பதற்காக நான் சுதந்திரத்தைத் தள்ளவில்லை. தள்ளுவதானால் பாவம், சத்தியம், கர்த்தர் எல்லாவற்றையும் தள்ள வேண்டும். என் வழக்கு பொருளைப் பற்றியது. சுயாதீனம் என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: தனக்குத் தானே ஆண்டவன். வேதாகமத்தில் இந்த நிலைக்கு ஒரு பெயர் ஏற்கெனவே இருக்கிறது. அது பாவம். ஏதேனில் சர்ப்பம் காட்டிய ஆசை ‘தேவர்களைப்போல் இருப்பீர்கள்’ என்பது. ஏசாயா 53இல் தீர்க்கதரிசி பாவத்தைச் சொல்லும்போது, ‘அவனவன் தன்தன் வழியிலே போனோம்’ என்கிறார். தன்தன் வழி என்பதை வடமொழியில் ஒரே சொல்லாக்கச் சொன்னால் சுதந்திரம் என்றுதான் வரும். நோயின் பெயரையே மருந்துச் சீட்டில் எழுதியிருக்கிறோம்.

இங்கே பாவம் என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதைச் சரியாகப் பிடிக்காததால்தான் அதன் எதிர்ச்சொல்லும் பிசகுகிறது. பாவத்துக்கான கிரேக்கச் சொல்லைப் பற்றி, ‘ஹமார்தியா என்றால் குறி தவறுதல்’ என்று வேதாகமக் கல்லூரி முதல் வருட மாணவர் வரை எல்லோரும் சொல்கிறார்கள். பொய் இல்லை. எபிரெயத்தின் ‘ஹட்டா’ என்ற வினையும் அப்படித்தான்: நியாயாதிபதிகள் 20இல் இடதுகைப் பழக்கமுள்ள 700 பேர் மயிரிழையும் தப்பாமல் கவண்கல் எறிவார்கள் என்று வருகிறதே, அந்தத் ‘தப்பாமல்’ இந்த வினையிலிருந்துதான். ஆனால் இதோடு நிறுத்தினால் பாவம் ஏதோ கைத்தவறு போல ஆகிவிடுகிறது. இன்று தவறியது, நாளை இன்னும் கவனமாக எறியலாம்! 51ஆம் சங்கீதத்தில் தாவீது இந்தச் சொல்லோடு வேறு இரண்டு சொற்களையும் சேர்த்தே அழுகிறான். ஒன்று கோணலைக் குறிப்பது, இன்னொன்று கலகத்தைக் குறிப்பது. ஆதியாகமம் 4இல் பாவம் வாசற்படியில் படுத்திருக்கிறது, காயீன்மேல் பாய. ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் சொல்லும் பாவமோ ஓர் எஜமான். அது ஆளுகிறது, மனிதனுக்குள் குடியிருக்கிறது, வேலை வாங்குகிறது, கடைசியில் மரணத்தைச் சம்பளமாகக் கொடுக்கிறது. இப்படிப்பட்ட எஜமானிடம் சிக்கியவனிடம் போய், உனக்குச் சுதந்திரம் இருக்கிறது, நீயே தீர்மானி என்று சொல்வதில் என்ன பயன்?

குடிக்கிற ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். என் காசு, என் உடம்பு, நினைத்தால் நாளைக்கே நிறுத்திவிடுவேன் என்பார். சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நம்புகிறார். காலை பத்து மணிக்குக் கை நடுங்கும்போது கால் தானாகக் கடைப்பக்கம் போகிறது. அவருடைய சுதந்திரத்தில் எந்தக் குறையும் இல்லை, யாரும் அவரைத் தடுக்கவில்லை. அவருக்கு இல்லாதது விடுதலை.

ஆதிச் சபையின் போதகர் அகுஸ்தீன் ‘அறிக்கைகள்’ என்ற தன் வாழ்க்கை நூலின் எட்டாம் புத்தகத்தில் இதைத்தான் சங்கிலியாக அடுக்குகிறார்: கோணிய விருப்பத்திலிருந்து இச்சை வந்தது, இச்சைக்குப் பணிந்து போனதில் பழக்கம் வந்தது, பழக்கத்தை எதிர்க்காமல் விட்டதில் அது கட்டாயமாகிவிட்டது. தன்னைக் கட்டியது வேறொருவன் போட்ட இரும்பு அல்ல, தன் சொந்தச் சித்தம் என்ற இரும்பே என்கிறார். கட்டாக இருப்பதே ‘சுய’ என்னும்போது, அதை இன்னும் பலப்படுத்தும் சொல்லை எப்படி மீட்புக்குப் பெயராக வைப்பது?

யோவான் 8ஐ நிதானமாக வாசித்தால் இந்தக் குழப்பம் புதிதல்ல என்று தெரியும். ‘சத்தியம் உங்களை விடுதலையாக்கும்’ என்று இயேசு சொன்னதும் கேட்டவர்களுக்குக் கோபம் வந்தது. நாங்கள் ஆபிரகாமின் சந்ததி, ஒருக்காலும் ஒருவனுக்கும் அடிமைகளாயிருக்கவில்லை என்றார்கள். எகிப்தில் செங்கல் அறுத்த பரம்பரை, பாபிலோனுக்குச் சிறைபோன பரம்பரை, அந்த நிமிடத்திலும் ரோமருக்குக் கீழே இருப்பவர்கள்! அவர்கள் காதில் விழுந்தது அந்தஸ்து பற்றிய பேச்சு. அதனால்தான் இயேசு அடுத்த வரியிலேயே, ‘பாவஞ்செய்கிறவன் எவனும் பாவத்துக்கு அடிமையாயிருக்கிறான்’ என்று பேச்சைத் திருப்ப வேண்டியிருந்தது. நாம் ஆகஸ்ட் 15இல் கொடியேற்றிய கையோடு இந்த வசனத்தைச் சுதந்திரம் என்று பிரசங்கிக்கும்போது, சபை அதே தவறான காதோடுதான் கேட்கிறது. தேசத்தின் விடியலுக்கு நன்றி சொல்வது நல்லது, அவசியம். அதற்கும் கல்வாரிக்கும் ஒரே சொல்லைப் போட்டுக் குழப்ப வேண்டியதில்லை.

விடுதலைக்கு இன்னொரு தகுதி உண்டு. அதில் விடுகிறவர் ஒருவர் இருக்கிறார். சுதந்திரத்தை ஒருவன் எடுத்துக்கொள்ளலாம், பிரகடனம் செய்யலாம். கட்டப்பட்டவன் தன்னைத்தானே விடுவித்துக்கொள்ள முடியாது. பவுலின் காலத்து வாசகர்களுக்கு இது கண்ணால் கண்ட காரியம். கிரேக்க நாட்டில் டெல்பி என்ற ஊரில் அப்பொல்லோ கோயிலைத் தாங்கி நிற்கும் பெரிய கற்சுவரில், கி.மு. 2ஆம் நூற்றாண்டு தொடங்கி வெட்டப்பட்ட நூற்றுக்கணக்கான விடுதலைப் பத்திரங்கள் இருக்கின்றன. அடிமை தன் விலையைச் சேர்த்துக் கொண்டுவருவான். எஜமான் அவனைத் தெய்வத்துக்கு விற்றதாகப் பத்திரம் எழுதப்படும். விலை இவ்வளவு, சாட்சிகள் இன்னார், நோக்கம் ‘விடுதலைக்காக’. பலவற்றில் ஒரு நிபந்தனையும் சேர்ந்திருக்கும்: எஜமான் உயிரோடிருக்கும் வரை அவன் அந்த வீட்டிலேயே இருந்து வேலை செய்ய வேண்டும். பத்திரத்தில் விடுதலை, நடைமுறையில் பழைய அடுக்களை. ‘விடுதலைக்காக’ என்ற அதே கிரேக்கச் சொற்றொடரைத்தான் பவுல் கலாத்தியர் 5:13இல் எழுதுகிறார், ‘அழைக்கப்பட்டீர்கள்’ என்று சேர்த்து. இங்கே விலையை அடிமை கொண்டுவரவில்லை. பழைய எஜமானிடம் மீதி வேலையும் இல்லை. நம் பழைய மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் ‘சுயாதீனத்திற்கு அழைக்கப்பட்டீர்கள்’ என்கிறது. கிரேக்கத்தில் கேட்கும் சந்தைச் சத்தமும் விலைப் பேச்சும் தமிழில் சுத்தமாக அடங்கிவிட்டன. இலங்கையில் சுயாதீன ஆணைக்குழு என்ற வழக்காவது உயிரோடு இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த வசனத்தை வாசித்துக் காட்டினால், ஏதோ மடத்துக்கு அழைப்பு என்று நினைக்கக்கூடும்.

1995இல் வந்த திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பு இங்கே ‘உரிமை வாழ்வு’ என்று போட்டது. சுயாதீனத்தைவிட ஆயிரம் மடங்கு மேல். உரிமை என்பதன் அடியில் உரியவன் என்ற உறவு இருக்கிறது, வீட்டுக்கு உரிய பிள்ளை. ‘அடிமையானவன் என்றைக்கும் வீட்டிலே நிலைத்திரான், குமாரன் என்றைக்கும் நிலைத்திருக்கிறான்’ என்று யோவான் 8 சொல்வதோடு அது அழகாகப் பொருந்துகிறது. கலாத்தியர் 4:7இல் அடிமை புத்திரனாகி, புத்திரன் ‘சுதந்தரன்’ ஆகிறான், அதாவது வாரிசு. ஆனால் இன்றைய தமிழில் உரிமை என்றால் கேட்டுப் பெறுவது, போராடி மீட்பது. தகவல் பெறும் உரிமை, வாக்குரிமை. இவை நமக்குக் கட்டாயம் வேண்டும். கிருபையை மட்டும் உரிமை என்று கேட்டு வாங்க முடியாது. அதனால் நான் விடுதலை என்ற இடத்திலேயே நிற்கிறேன்.

விடுதலைக்கும் குறை சொல்கிறவர்கள் உண்டு. நீதிமன்றச் செய்திகளில் குற்றம் நிரூபிக்கப்படாதவரைத்தானே விடுதலை செய்கிறார்கள், பாவிக்கு அது பொருந்துமா என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. தண்டனைக் காலம் முடிந்து வெளியே வருபவருக்கும் அதே சொல்தான், கொத்தடிமை முறையிலிருந்து மீட்கப்பட்ட குடும்பத்துக்கும் அதே சொல்தான். எந்த வகை விடுதலை என்பதைப் பக்கத்தில் நிற்கும் ‘மீட்பு’, ‘மன்னிப்பு’ என்ற சொற்கள் காட்டிக்கொடுக்கும்.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. விடுதலையை நாமே சுருக்கிவிட்டோம். விடுதலை ஊழியம், விடுதலை ஜெபம், விடுதலைப் பெருவிழா என்று போஸ்டர் போட்டு, அந்தச் சொல்லைப் பேயோட்டுவதற்கும் தீராத வயிற்றுவலிக்கும் கடனுக்கும் என்று ஒதுக்கிவிட்டோம். சாட்சி சொல்ல எழுந்தவர் ‘விடுதலை கிடைத்தது’ என்றால், எந்த வியாதியிலிருந்து என்றுதான் சபை யோசிக்கிறது. கோபத்திலிருந்து, பணத்தாசையிலிருந்து, சாதிப் பெருமையிலிருந்து விடுதலை என்று யாராவது சாட்சி சொல்லிக் கேட்டு எவ்வளவு காலம் ஆகிறது? பாவத்தைச் சொல்ல வேண்டிய சொல் வேறு வேலைக்குப் போய்விட்டதால், அந்தக் காலியிடத்தில் சுதந்திரம் வந்து உட்கார்ந்தது. அதுவும் ஆங்கிலப் பாடல்களையும் ஆங்கிலப் பிரசங்கங்களையும் அவசரமாகத் தமிழாக்கும்போது வந்து உட்கார்ந்தது. மேடையில் பக்கத்தில் நின்று உடனுக்குடன் மொழிபெயர்ப்பவருக்கு யோசிக்க நேரமில்லை, அவரைக் குறை சொல்ல மாட்டேன். அச்சில் வரும் தியானப் புத்தகங்களுக்கு நேரம் இருக்கிறது, பிழைதிருத்துபவரும் இருக்கிறார். அவற்றிலும் ‘இயேசு நம்மைச் சுதந்திரமாக்கினார்’ என்று வருகிறது. விடுதலையாக்கினார் என்பதைவிட இதில் எதுவும் தெளிவாகவில்லை.

இந்தச் சொல் மாற்றத்தால் வாழ்க்கையில் என்ன கெட்டுவிடும் என்று கேட்டால், ரோமர் 6:18ஐக் காட்டுவேன்: ‘பாவத்தினின்று நீங்கள் விடுதலையாக்கப்பட்டு, நீதிக்கு அடிமைகளானீர்கள்.’ விடுதலை என்று சொன்னால் இந்த வசனம் நிற்கும். ஓர் எஜமானிடமிருந்து அவிழ்த்து இன்னொருவருடைய கையில் சேர்த்திருக்கிறார்கள். சுதந்திரம் என்று மாற்றினால் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மார்ட்டின் லூத்தர் 1520இல் எழுதிய சிறுநூல் இந்த இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிக்கிறது: கிறிஸ்தவன் எல்லாவற்றுக்கும் மேலானவன், எவருக்கும் கீழ்ப்பட்டவனல்ல. கிறிஸ்தவன் எல்லாருக்கும் ஊழியன், எல்லாருக்கும் கீழ்ப்பட்டவன். அன்பு செய்யும் வல்லமையே வந்து சேராத விடுதலையை லூத்தர் விடுதலையாக எண்ணவில்லை, பவுலும் எண்ணவில்லை. அதே கலாத்தியர் 5:13 ‘அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள்’ என்றுதான் முடிகிறது.

சுயாதீனன் என்ற சொல்லுக்கு ஓர் இடம் மட்டும் விட்டுக்கொடுப்பேன். ‘அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை’ என்று கலாத்தியர் 3:28 சொல்லும்போது அது சட்டப்படியான அந்தஸ்து, அங்கே அது இருக்கலாம். ஆனால் 1 கொரிந்தியர் 7:22இல் கூடாது. அந்த வசனத்தில் கிரேக்கம் இரண்டு வேறு சொற்களைப் போடுகிறது: பிறவியிலேயே அடிமையல்லாதவனுக்கு ‘எலெயுதெரொஸ்’, அடிமையாயிருந்து விடுவிக்கப்பட்டவனுக்கு ‘அப்பெலெயுதெரொஸ்’. கர்த்தருக்குள் அழைக்கப்பட்ட அடிமையைப் பவுல் சொல்வது இரண்டாவது சொல்லால். பழைய மொழிபெயர்ப்பில் இரண்டுமே சுயாதீனன் ஆகிவிட்டன. அடுத்த திருத்தத்தில் கை வைப்பவர்கள் முதலில் அந்த வசனத்தை எடுத்து, ‘கர்த்தரால் விடுதலை பெற்றவன்’ என்று எழுதட்டும்.