டிஸ்க் காலியாக இருந்தும் ‘இடமில்லை’ என்கிறதா?

நின்றுபோன சேவையை மறுபடி தொடங்கினால், லாகில் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று எழுதிவிட்டு விழுகிறது. டிஎஃப் போட்டுப் பார்த்தால் டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி. ஃபைல் ஒவ்வொன்றுக்கும் ஒன்று தேவைப்படும் ஐநோடும் தீரவில்லை. இந்த நேரத்தில் பழைய ஃபைல்களைத் தேடி அழிக்காதீர்கள். புராசஸ்கள் (ஓடும் நிரல்கள்) ஒன்றுக்கொன்று முறைவைத்துக்கொள்ளப் பயன்படுத்தும் எண்ணியான செமஃபோரைக் கேட்கும்போது வரம்பு முட்டினாலும் லினக்ஸ் கர்னல் தருவது இதே பிழைதான்.

செமஃபோர்களைப் பட்டியலிட ஐபிசிஎஸ் -எஸ் (ipcs -s) என்று தட்டுங்கள். ஒரே பயனர் பெயரில் வரிவரியாக ஓடினால் கசிவு அங்கேதான். வரம்பைக் காட்ட -எல், மொத்தக் கணக்குக்கு -யு. செமஃபோர் தொகுதிகளின் இயல்பு வரம்பு 3.19 கர்னலுக்கு முன் வெறும் 128. அதற்குப் பின் 32,000.

இந்தச் செமஃபோர் போன்ற சிஸ்டம் ஃபைவ் (பழைய யூனிக்ஸ் முறை) வகை வளங்கள் புராசஸோடு சேர்ந்து சாவதில்லை என்பதுதான் மூலகாரணம். கட்டாயமாக நிறுத்தும் கில் -9 கொடுத்தால் நிரலுக்குத் தன் செமஃபோரைத் துடைத்துவிட்டுப் போக வாய்ப்பே இல்லை. யாராவது அழிக்கும்வரை, அல்லது மெஷின் ரீபூட் ஆகும்வரை, அது கர்னலிலேயே கிடக்கும்.

அழிப்பதற்கு முன்தான் நிதானம் வேண்டும். பல புராசஸ்கள் பங்கிடும் பகிர்வு நினைவகமும் இதே வகைதான், அதற்கு ஐபிசிஎஸ் -எம்: அதில் என்அட்டாச் என்ற பத்தியில் இருப்பது, அந்தத் துண்டை இப்போது எத்தனை முறை இணைத்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை. பூஜ்ஜியம் என்றால் அநாதையாக இருக்கலாம்; இருக்கலாம், அவ்வளவுதான். சில நிரல்கள் விலகிப்போய்த் திரும்ப வந்து இணையும். -எம் -பி போட்டால் உருவாக்கிய புராசஸ், கடைசியாகத் தொட்ட புராசஸ் இரண்டின் எண்ணும் வரும். அந்த எண் இப்போது வேறொரு புராசஸுக்குப் போயிருக்கலாம் என்பதால், புராசஸ் பட்டியலைக் காட்டும் பிஎஸ்ஸில் பெயரையும் தொடங்கிய நேரத்தையும் ஒப்பிட்டே முடிவெடுங்கள்.

செமஃபோருக்கு என்அட்டாச் கிடையாது. ஐபிசிஎஸ் -எஸ் -ஐ போட்டு அடையாள எண்ணைக் கொடுத்தால், காத்திருப்போர் எண்ணிக்கையும் கடைசியாக இயக்கிய புராசஸும் தெரியும். -எஸ் -டி (t) கடைசி இயக்க நேரத்தைக் காட்டும்.

அளவைப் பார்த்து எதையும் குப்பை என்று நினைக்கக் கூடாது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 9.3 முதல் பெரும்பகுதி நினைவகத்தை வேறு வழியில் எடுத்துக்கொள்கிறது. ஐபிசிஎஸ்ஸில் தெரிவது சில பைட்டுகளே உள்ள குட்டித் துண்டு. பழைய சர்வரின் புராசஸ்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா என்று அது உறுதிசெய்வதே அந்தத் துண்டை வைத்துத்தான். அதில் கை வைக்காதீர்கள்.

அழிக்க ஐபிசிஆர்எம்: சிறிய எழுத்து -எம், -எஸ், -கியூ (செய்தி வரிசை) அடையாள எண்ணுக்கு, பெரிய எழுத்தில் போட்டால் கீக்கு (உருவாக்கும்போது நிரல் கொடுத்த எண்). இணைப்பில் இருக்கும் நினைவகத் துண்டை அழித்தால் நிலைப் பத்தியில் ‘டெஸ்ட்’ (dest) என்று மாறும், கடைசி இணைப்பு விலகியதும் மறையும். செமஃபோருக்கு அந்தச் சலுகை இல்லை. உடனே போய்விடும், காத்திருந்த புராசஸ்கள் பிழையோடு எழும். -ஏ எல்லாவற்றையும் துடைத்துவிடும். ஓடுகிற சர்வரில் அதைத் தொடவே வேண்டாம்.

எதுவுமே தெரியவில்லையா? போசிக்ஸ் என்ற வேறு தரநிலை வகை நினைவகம் ஐபிசிஎஸ்ஸில் வராது, டெவ் அடைவில் எஸ்ஹெச்எம்முக்குள் பாருங்கள். கன்டெய்னருக்கு இயல்பாகத் தனி ஐபிசி நேம்ஸ்பேஸ் (இந்த வளங்களுக்கான தனி உலகம்) உண்டு. உள்ளே நுழைந்துதான் ஐபிசிஎஸ் போட வேண்டும்.